நான் வரைந்த குருவியைத் திரும்பக் கேட்க முடியுமா?

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போடுகிறார். 2019-ல் சில நண்பர்கள் சேர்ந்து, சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் முடிகிற மாதிரி, எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடங்கியவரை இவர் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். "நம்ம சாஃப்ட்வேருக்கு நல்லதா ஒரு லோகோ போட்டுத் தாம்மா" என்று அவர் கேட்டிருக்கிறார். இவரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் உட்கார்ந்து, பதினொரு மாதிரி போட்டு, கடைசியில் கூட்டைப் பின்னிக்கொண்டிருக்கும் தூக்கணாங்குருவி ஒன்றை வரைந்தார். தோழி ஒருத்தி சொல்லிக்கொடுக்க, கிட்ஹப்பில் (மென்பொருள் திட்டங்களைச் சேர்த்துவைக்கும் இணையதளம்) தானே புல் ரிக்வெஸ்ட் ('இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை) போட்டு அதைச் சேர்த்தார். அந்த ரெப்போ (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ஜிபிஎல் 3 என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இருந்தது. முகப்புக் குறிப்பில் "லோகோ © 2019" என்று இவர் பெயரோடு ஒரு வரியும் இருந்தது. கூலி எதுவும் பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு அண்ணன் ஜிபேயில் 3,000 ரூபாய் அனுப்பி, "பொங்கல் வாழ்த்துகள்மா" என்று எழுதியிருந்தார்.

சென்ற ஆண்டு அந்த அண்ணன் பெங்களூரில் கம்பெனி தொடங்கினார். புதிய தளத்தில் குருவி இருக்கிறது, கூடு இல்லை. நன்றிப் பக்கத்தில் இவர் பெயரும் இல்லை. பக்கத்தின் அடியில் "அனைத்து உரிமைகளும் கம்பெனிக்கே" என்ற வரி. குருவி போட்ட டி-ஷர்ட் விற்கிறார்கள். லோகோவுக்கு டிரேட்மார்க் விண்ணப்பமும் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "ஓப்பன் சோர்ஸ்ல போட்டா அது எல்லாருக்கும் பொதுதானம்மா" என்று பதில் வந்திருக்கிறது. இவருடைய கேள்விகள் இவை: லோகோவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? பணம் கேட்கலாமா? எங்கும் பதிவு செய்யவில்லையே, எனக்கு உரிமை என்று ஏதாவது இருக்கிறதா?

*

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். "பேர எடுத்ததுகூடப் போகட்டும் மேடம், கூட்ட எடுத்துட்டாங்க." அந்தக் கூட்டில் ஒவ்வொரு நாரையும் தனித்தனிக் கோடாகப் போட்டதாகவும், சின்ன ஐகானாகச் சுருக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிப் போகக்கூடாது என்பதற்காக மூன்று நாள் அதிலேயே செலவழித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மென்பொருளின் நிரல் (code) எழுதுபவர்களின் உழைப்புக்கு வரிவாரியாகக் கணக்கு இருக்கிறது. யார் எந்த வரியை என்றைக்கு மாற்றினார்கள் என்று பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். படம் வரைந்தவரின் உழைப்பு ஒரே ஒரு கோப்பாகப் போய்ச் சேருகிறது. அதனால்தான் இந்தத் திட்டங்களில் ஓவியர்கள் சீக்கிரம் மறக்கப்படுகிறார்கள். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் பலம், நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் குருவி இன்னும் உங்களுடையதுதான்

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கடிதம் முழுக்கக் 'காப்புரிமை' என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறோம். கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட்டுக்கும் அதே சொல் புழங்குவதால் நான் படத்துக்குப் 'பதிப்புரிமை' என்றே சொல்கிறேன். அது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வருவது.

அதற்குப் பதிவு தேவையே இல்லை. வரைந்து முடித்த நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் அது இருக்கும். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் வழக்கில் முதல்நோக்குச் சாட்சியமாக (மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சாட்சியமாக) உதவும், அவ்வளவுதான். உங்களுக்கு நீங்களே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். அதைவிட நூறு மடங்கு நல்ல சாட்சி உங்களிடம் இருக்கிறது. உங்கள் பெயரும் தேதியும் பதிந்த அந்த 2019 கமிட், அதாவது ரெப்போவில் படம் சேர்ந்ததன் பதிவுதான் அது.

இன்னொன்றும் பார்த்தேன். நீங்கள் இணைத்து அனுப்பிய பழைய எஸ்விஜி படக்கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து, டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸில் கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் மெட்டாடேட்டா பகுதிக்குப் போனேன். 'கிரியேட்டர்' கட்டத்தில் உங்கள் பெயர் இருந்தது. அடுத்து, கம்பெனியின் புதிய தளத்திலிருந்து நீங்கள் இறக்கி அனுப்பிய கோப்பையும் திறந்தேன். அதிலும் அதே கட்டத்தில் உங்கள் பெயர்! எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கிறது. கூட்டை அழித்தவர்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. "இது வேறு குருவி, நாங்களே புதிதாக வரைந்தது" என்று இனி அவர்கள் சொல்வது கடினம். அந்தக் கோப்பை இன்றே ஒரு பென்டிரைவிலும் எடுத்து வையுங்கள். தளத்தின் முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

சரி, அண்ணனுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? இல்லை. பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. எந்தப் படைப்பு, என்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாட்டுக்கு, என்ன தொகை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். "நம்ம புராஜெக்டுக்குத்தானே அண்ணா, எடுத்துக்கோங்க" என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்டது பயன்படுத்த அனுமதி கொடுத்ததாகும், சொத்தை எழுதிக் கொடுத்ததாகாது. அந்த 3,000 ரூபாயை நினைத்தும் பயப்பட வேண்டாம். முன்கூட்டிப் பேசிய கூலி வேறு, மாதங்கள் கழித்துப் பொங்கல் வாழ்த்தோடு வந்த பணம் வேறு. "அதுதான் விலை" என்று அவர்கள் வாதாடலாம். அவர் அனுப்பிய செய்தியே அந்த வாதத்துக்கு எதிராக நிற்கும்.

ஆனால் திரும்ப எடுக்க முடியாது

இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். லோகோ உங்களுடையது என்பதும், அதைப் பயன்படுத்த உலகத்துக்கே நீங்கள் அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்பதும் இரண்டுமே உண்மை.

புல் ரிக்வெஸ்ட் போட்டீர்கள் அல்லவா? ஒரு ரெப்போவில் உரிமக் குறிப்பு இருந்தால், அதில் யார் எதைச் சேர்த்தாலும் அதே உரிமத்தில் சேர்ப்பதாகவே பொருள் என்று கிட்ஹப்பின் சேவை விதிகளிலேயே இருக்கிறது. ஆக, உங்கள் குருவி ஜிபிஎல் 3-ல் போய்விட்டது. நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரை இந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று அந்த உரிமத்தின் இரண்டாவது பிரிவு சொல்கிறது. மாற்றி வரையவும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் அதில் இடம் உண்டு. கூட்டை எடுத்ததுகூட, அது மட்டும்தான் நடந்தது என்றால், நீங்கள் கொடுத்த அனுமதிக்குள் வருகிற காரியம்தான்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். சில திட்டங்கள் நிரலுக்கு ஓர் உரிமம், ஓவியங்களுக்கு வேறு உரிமம் என்று வைத்திருக்கும். இன்றைய ரெப்போவைப் பார்க்காதீர்கள். உங்கள் கமிட்டைத் திறந்து, அன்றைய நிலையில் கோப்புகளைப் பாருங்கள். படங்கள் இருந்த அந்த ஃபோல்டருக்குள் தனியாக லைசென்ஸ் கோப்பு ஏதாவது இருந்திருந்தால் கதை மாறும். எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

உங்கள் நண்பரின் தம்பி சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். "கிட்ஹப்பில் டிஎம்சிஏ புகார் போட்டால் ஒரே நாளில் தூக்கிவிடுவார்கள்" என்றாராம். அது அமெரிக்கச் சட்டப்படியான நோட்டீஸ். அதில், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக நீங்கள் கையெழுத்திட வேண்டும். அனுமதி கொடுத்த கமிட் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. தெரிந்தே தவறாகச் சொன்னால் நஷ்டஈடு கேட்க எதிர்த்தரப்புக்கு அந்தச் சட்டமே வழி கொடுக்கிறது. அதோடு, கீழே போவது கம்பெனி மட்டும் இல்லை. அந்த மென்பொருளில் இன்னும் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களின் உழைப்பும் சேர்ந்து முடங்கும்.

படத்தின் உரிமத்தை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றதாக இருந்தபோதும் அதன் லோகோ அப்படி இல்லை. லோகோ இல்லாமல் பெயரை மட்டும் பயன்படுத்த, அதை உருவாக்கும் மொசில்லா சம்மதிக்கவில்லை. 2006-ல், லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனை உருவாக்குபவர்கள் பெயரையும் படத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டு, அதே உலாவியை 'ஐஸ்வீசல்' என்று வெளியிட்டார்கள். 2016-ல்தான் ஃபயர்பாக்ஸ் அங்கே தன் பெயரோடு திரும்பியது. உங்கள் குருவிக்கும் அப்படி ஒரு வனவாசம் வர வேண்டாம்.

டிரேட்மார்க் என்பது வேறு சொத்து

உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய குழப்பம் இங்கேதான். "நான் வரைந்தேன், அதனால் டிரேட்மார்க்கும் எனக்குத்தான்" என்று நீங்கள் நினைக்கிறீர்கள். "நாங்கள் டிரேட்மார்க் எடுத்துவிட்டால் படமும் எங்களுடையது" என்று அவர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டுமே தவறு.

பதிப்புரிமை வரைந்த கையைச் சேரும். டிரேட்மார்க், அந்தச் சின்னத்தைப் போட்டுப் பொருளோ சேவையோ கொடுத்தவரைச் சேரும். ஈரோட்டு மளிகைக்கடைக்காரர் ஒருவர் குருவியைப் பார்த்ததும் "இது அந்தக் கணக்கு சாஃப்ட்வேர்" என்று அடையாளம் காண்கிறாரே, அந்த நற்பெயரைச் சம்பாதித்தது மென்பொருள். ஒரே படத்தின்மேல் இரண்டு உரிமைகள் இரண்டு பேரிடம் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். உங்கள் தோழி சொல்லிக்கொடுத்த கிட்ஹப்புக்கு அடிப்படையான 'கிட்' மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லோகோவை வரைந்தவர் ஜேசன் லாங். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு இருக்கிறது. 'கிட்' என்ற டிரேட்மார்க்கோ சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் அடையாளமான சிவப்புக் குட்டிச்சாத்தானின் பதிப்புரிமை மார்ஷல் கிர்க் மெக்குசிக் என்ற தனிமனிதரிடம். திட்டத்துக்கான முறையான லோகோவை 2005-ல் போட்டி வைத்துத் தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதனால் விண்ணப்பம் போட்டதையே துரோகமாகப் பார்க்க வேண்டாம். யாரும் போடாமல் விட்டாலும் ஆபத்துதான். 1994-ல் அமெரிக்காவில், லினக்ஸை எழுதியதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் 'லினக்ஸ்' என்ற பெயருக்கு விண்ணப்பித்துப் பதிவும் வாங்கிவிட்டார். அது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வர 1997 ஆயிற்று. உங்கள் மென்பொருளின் பெயரையும் சின்னத்தையும் யாராவது காப்பாற்றத்தான் வேண்டும். கம்பெனியின் பெயரில் வேண்டுமா, எல்லோருக்கும் பொதுவான ஓர் அறக்கட்டளையின் பெயரில் வேண்டுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கம்பெனியின் பெயரில் போய்விட்டால், நாளைக்கு அண்ணனோடு கருத்து வேறுபட்டு மற்றவர்கள் தனியாகப் பிரிந்தால், நிரலை எடுத்துப் போகலாம், குருவியைச் சின்னமாகப் போட முடியாது. 2019-லிருந்து ஆறேழு பேர் சேர்ந்து சம்பாதித்த நற்பெயர், சென்ற ஆண்டு பிறந்த கம்பெனிக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும் என்று மற்றவர்களும் கேட்க உரிமை உண்டு. விண்ணப்பத்தில் எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் தேதி கம்பெனி தொடங்கியதற்கு முந்தையதாக இருந்தால், அன்றைக்குப் பயன்படுத்தியது யார் என்ற கேள்வி தானாக எழும்.

பதிப்புரிமைச் சட்டப்படி தடுக்கக்கூடிய சின்னத்தைப் பதியக்கூடாது என்று 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறது. இதை வைத்து நீங்கள் ஆட்சேபனை போடலாம். "எங்களுக்குத்தான் ஜிபிஎல் அனுமதி இருக்கிறதே" என்பார்கள். "நிபந்தனையை மீறிவிட்டீர்களே" என்று நாம் சொல்லலாம். இது கட்டாயம் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தை நீண்ட காலம் நிறுத்திவைக்கும் அளவுக்குக் கனமான கேள்வி.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதற்றத்தில் உடனே பதிப்புரிமைப் பதிவுக்கு ஓடிவிடாதீர்கள். வியாபாரத்தில் பயன்படக்கூடிய படங்களுக்குப் பதிவு கேட்டால், இதே மாதிரிச் சின்னத்துக்கு வேறு யாரும் பதிவோ விண்ணப்பமோ செய்யவில்லை என்று டிரேட்மார்க் பதிவகம் தரும் சான்றிதழை இணைக்க வேண்டும். கம்பெனி ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அந்தச் சான்றிதழ் உங்களுக்குக் கிடைக்காது. பணம்தான் வீணாகும்.

உங்கள் பெயர்

எல்லாவற்றையும்விட உறுதியாக நீங்கள் நிற்கக்கூடிய இடம் இது. "போகட்டும்" என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் முதலில் கேட்கச் சொல்வேன்.

ஜிபிஎல் 3-ன்படி ஒரு பிரதியைக் கொடுப்பவர் உரிய பதிப்புரிமைக் குறிப்போடுதான் கொடுக்க வேண்டும். மாற்றியிருந்தால், மாற்றினோம் என்றும் எந்தத் தேதியில் என்றும் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரோடு இருந்த வரியை எடுத்துவிட்டு, "அனைத்து உரிமைகளும் கம்பெனிக்கே" என்று போட்டதில் இந்த மூன்றுமே அடிபடுகின்றன. நிபந்தனையை மீறினால் அனுமதி ரத்தாகும் என்பது எட்டாவது பிரிவு. முதல் தடவை நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் அனுமதி திரும்பிவிடும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே, சரிசெய்வது?

இதற்கு அப்பால், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இருக்கிறது. படைப்பு யார் கைக்குப் போனாலும், முழுதாக எழுதிக் கொடுத்திருந்தாலும்கூட, "இதைப் படைத்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே நிற்கும். பெயருக்கு இழுக்கு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் முடியும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அரசாங்கம் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன சிற்பம்தான் அது. அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியதை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டது.

ஆனால் கூட்டை எடுத்ததை அந்தச் சிற்பத்தோடு ஒப்பிட்டு நீதிமன்றம் போக உங்களை அனுப்ப மாட்டேன். லோகோவைக் காலத்துக்கேற்ப எளிமையாக்குவது தொழிலில் வழக்கம். உங்கள் மனசு புண்பட்டது போதாது. உங்கள் நற்பெயர் கெட்டது என்று காட்ட வேண்டும். அது கடினம். "கூட்டோடு இருக்கும் மூல வடிவத்தையும் ரெப்போவில் வைத்திருங்கள், இது மாற்றிய வடிவம் என்று சொல்லுங்கள்" என்று கேட்பது நியாயமாகவும் இருக்கும், நடக்கவும் நடக்கும்.

பணம்

இதுவரை அனுமதிக்குள் நடந்த பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்க இடமில்லை. ஜிபிஎல் அனுமதியே ராயல்டி இல்லாததுதான். டி-ஷர்ட் விற்றதும் தனியாகத் தவறாகாது. உண்மையில் டி-ஷர்ட்டையோ ஸ்டிக்கரையோ மனதில் வைத்து எழுதிய உரிமம் அல்ல அது. அதனால்தான் படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் மாதிரித் தனி உரிமம் வைப்பது நல்லது என்று எல்லா மென்பொருள் நண்பர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் கதை வேறு. கம்பெனியில் யாராவது முதலீடு போட வந்தால், "லோகோ யாருடையது, காகிதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை. உங்கள் கையெழுத்து தேவைப்படும். அதற்கு நீங்கள் விலை சொல்லலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பனியன் கம்பெனியில் ஒரு டிசைனுக்கு என்ன வாங்குகிறீர்களோ, அதைவிட இது பெரிய வேலை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இது உங்களுக்குச் சாதகம். அதனாலேயே அவர்கள் "உலகம் முழுக்க, என்றென்றைக்கும்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அப்படி எழுதினால் தொகையும் அதற்கேற்ப இருக்கட்டும்.

உங்கள் பக்கத்து ஓட்டைகள்

இரண்டு இருக்கின்றன. எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் முன் நாம் அடைத்துவிட வேண்டும்.

2019-ல் நீங்கள் ஒரு டிசைன் ஆபீசில் சம்பளத்துக்கு இருந்தீர்கள். வேலையின் பகுதியாகச் செய்ததன் முதல் உரிமையாளர் முதலாளிதான். இரவில், வீட்டில், சொந்த லேப்டாப்பில், ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத படம் என்பதால் பெரும்பாலும் பயமில்லை. இருந்தாலும் அந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்துப் படியுங்கள். "பணிக்காலத்தில் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே" என்று சில ஆர்டர்களில் இருக்கும்.

இரண்டாவது, குருவிக்குக் கீழே பெயரை எழுதிய ஃபான்ட். "ஃப்ரீ என்று போட்டிருந்த தளத்திலிருந்து இறக்கினேன்" என்கிறீர்கள். அந்தத் தளங்களில் பாதிக்கு மேல் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படியானால் ஜிபிஎல்-இல் கொடுக்க உங்களுக்கே உரிமை இல்லாத ஒன்றைக் கொடுத்திருக்கிறீர்கள். மறைக்காமல் நீங்களே சொல்லி, மாற்றி வரைந்து கொடுத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்த மலர் என்று ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் அழகான தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றை லோகோவில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் பேச்சு. நோட்டீஸ் அனுப்பினால் அண்ணன் வக்கீலிடம் போவார். அதன்பிறகு நீங்கள் இருவரும் பேசவே முடியாது. ஆறு வருடப் பழக்கம் அது. "எல்லாருக்கும் பொது" என்று அவர் சொன்னதும் கெட்ட எண்ணத்தில் இல்லாமல், அவரும் அப்படியே நம்பியதால் இருக்கலாம். கோபத்தைக் கொட்டாமல், வேண்டியதை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"அண்ணா, கம்பெனி நல்லா வரணும்னு மனசார வாழ்த்துகிறேன். குருவி லோகோ 2019-ல் நான் வரைந்தது, ஜிபிஎல் 3-ல் கொடுத்தது. அதைப் பயன்படுத்துவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று விஷயம் வேண்டும். ரெப்போவிலும் தளத்திலும் 'மூல லோகோ © 2019' என்ற வரி என் பெயரோடு திரும்ப வர வேண்டும். புதிய வடிவம் அதிலிருந்து மாற்றியது என்று சொல்லி, அதன் எஸ்விஜி கோப்பையும் கூடு உள்ள பழைய கோப்பையும் அதே உரிமத்தில் வைக்க வேண்டும். டிரேட்மார்க் யார் பெயரில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலிருந்து இருந்த எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். கம்பெனிக்குத் தனியாக உரிமை எழுதித் தர வேண்டுமானால் அதையும் அப்போது பேசலாம்."

இதை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், அல்லது மறுத்தால், ஜிபிஎல் எட்டாவது பிரிவைச் சொல்லி முறையான நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால்தான் வழக்கு. பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமை வழக்கை, வழக்குப் போடுபவர் குடியிருக்கும் ஊரின் எல்லைக்குள் உள்ள மாவட்ட அளவிலான நீதிமன்றத்திலேயே போடச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. உடனடித் தடை கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். உங்கள் விஷயம் அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

இதெல்லாம் நடக்கும்போதே இன்னொரு கண், விண்ணப்பங்களை வெளியிடும் அரசு இதழான டிரேட்மார்க் ஜர்னல்மேல் இருக்கட்டும். அரசின் அறிவுசார் சொத்துரிமைத் தளத்தில் மென்பொருளின் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். விண்ணப்ப எண் கிடைத்துவிட்டால் நிலவரம் அதிலேயே தெரியும். ஜர்னல் திங்கள்தோறும் வெளியாகிறது. அதில் குருவி வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபனை போட வேண்டும். ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் ஒரு வகைக்கு) கட்டணம் 2,700 ரூபாய். அந்த நான்கு மாதத்தை எந்தக் காரணத்துக்காகவும் நீட்டித் தர மாட்டார்கள். அண்ணனோடு பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் மூன்றாவது மாத முடிவில் பேச்சு முடியவில்லை என்றால், அவரிடம் சொல்லிவிட்டே ஆட்சேபனையைப் போட்டுவையுங்கள். உடன்பாடு வந்த மறுநாள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். விண்ணப்ப எண் கிடைத்ததும், பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.